சாண்டர் கோடு போடுகிறதா, பிட் புகைகிறதா? நீலகிரியில் மரவேலை செய்பவர்களுக்குக் கோளாறு பார்க்கும் வழி

மரவேலையில் ஏதாவது சரியாக வரவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது மெஷின்தான். "இந்த சாண்டர் சரியில்லை, வேற கம்பெனி வாங்கணும்", "இந்த டிரில் வேலைக்கு ஆகாது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். சாண்டரில், அதாவது தேய்க்கும் மெஷினில், ஒட்டியிருக்கும் உப்புத்தாள் பேப்பரோ, டிரில்லில் மாட்டியிருக்கும் துளை போடும் பிட்டோ அந்த மரத்துக்கு ஒத்துவராததாக இருக்கும், இல்லையென்றால் மரத்தில் ஈரம் இருக்கும். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று மழையும் மேகமும் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர்களில் இந்த ஈரத்தை முதல் சந்தேகமாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடிய அதே பேப்பர் மேலே வந்ததும் மக்கர் செய்வதற்கு வேறு மர்மம் எதுவும் கிடையாது.

கீழே இருப்பதை அறிகுறிப்படி எழுதியிருக்கிறேன். உங்கள் பலகையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். எந்தக் கோளாறானாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான்: பேப்பர் அல்லது பிட், அப்புறம் மரம், அப்புறம் கை அழுத்தம், அப்புறம் கரண்ட். மெஷின் கடைசி.

பாலிஷ் போட்டதும் சுருள் சுருளாகக் கோடு தெரிகிறது

தேய்த்து முடித்தபோது வழவழப்பாக இருந்த பலகைதான், ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் சாயம்) துடைத்ததும் தலைமுடி சுருண்டு கிடப்பதுபோலச் சின்னச் சின்னக் கோடுகளைக் காட்டும். ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர், அதாவது வட்ட பேடில் வெல்க்ரோ பேப்பர் ஒட்டும் 125 மி.மீ. மெஷின் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் இதைப் பார்த்திருப்பார்கள்.

முதலில் பேப்பரைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். எங்காவது ஒரு இடத்தில் பிசின் உருண்டையோ காய்ந்த ஃபெவிகால் துணுக்கோ ஒட்டியிருந்தால் அதுதான் குற்றவாளி. பேப்பரின் மற்ற இடத்தைவிட அந்த உருண்டை உயரமாக நிற்பதால் சுற்றுகிற ஒவ்வொரு தடவையும் மரத்தைக் கீறிக்கொண்டே போகும். பேப்பரை மாற்றினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். முந்தைய நம்பரின் (நம்பர் கூடக்கூடப் பேப்பர் நைஸாகும்) கரகரப்பான தூள் பலகைமேல் கிடக்க, அதன்மேலேயே நைஸ் பேப்பரை ஓட்டினாலும் இதே கோடுதான் வரும். ஒவ்வொரு நம்பர் மாற்றும்போதும் பலகையைத் துணியால் துடையுங்கள், கூடவே பேடையும் ஒரு தட்டு தட்டுங்கள்.

அடுத்த காரணம் நம்பரைத் தாவுவது. 80-ல் தேய்த்துவிட்டு நேராக 220-க்குப் போனால், 80 போட்ட பள்ளத்தை 220 எடுக்கவே எடுக்காது, மேலே பளபளப்பு மட்டும் ஏற்றும், ஸ்டெயின் அந்தப் பள்ளத்தில் போய்த் தங்கிக்கொள்ளும். எளிய கணக்கு: அடுத்த நம்பர் முந்தையதைப்போல ஒன்றரை மடங்கு. 80, 120, 180, வேண்டுமென்றால் 240. இழைப்புளியோ பிளேனரோ ஓட்டிய பலகைக்கு 80 தேவையே இல்லை, 120-ல் ஆரம்பிக்கலாம்.

நம்பர் மாற்றலாமா என்று எப்படித் தெரியும்? பென்சிலால் பலகை முழுக்கக் கிறுக்குங்கள். லேசாக, கோணல்மாணலாக. கிறுக்கல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மறைந்தால் அந்த நம்பர் வேலையை முடித்துவிட்டது. எங்காவது மிச்சமிருந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது, அல்லது நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைப் பலகைக்குப் படுக்கைவாட்டில் வைத்து அடியுங்கள். மேலிருந்து விழும் டியூப் லைட் வெளிச்சத்தில் தெரியாத கோடெல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரிந்துவிடும். தெளிவு வேண்டுமென்றால் திண்ணரில் நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுங்கள், பாலிஷ் போட்டால் எப்படி இருக்கும் என்பது அது காய்வதற்குள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, கை. இந்த மெஷின் ஆடுவதோடு மெதுவாகச் சுழலவும் வேண்டும். அழுத்திப் பிடித்தால் சுழற்சி நின்றுபோய் ஒரே இடத்தில் குட்டி வட்டமாக ஆடும், சுருள் கோடு பிறப்பது அப்போதுதான். பேடின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றி வருவது தெரிய வேண்டும். நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம். கையின் எடையும் மெஷினின் எடையும் போதும், தோளை வைத்து அமுக்கத் தேவையில்லை. வேகம் நொடிக்கு ஒரு அங்குலம் அளவில் நகர்ந்தால் போதும். இது பொறுமையைச் சோதிக்கிற வேகம்தான், தெரியும். அப்புறம், இந்த மெஷினைப் பலகைமேல் வைத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். காற்றில் முழு வேகத்தில் சுற்றவிட்டு இறக்கினால் தொட்ட இடத்தில் நிலா வடிவத்தில் வெட்டு விழும்.

பேப்பர் உடனே அடைத்துக்கொள்கிறது

இரண்டு நிமிடம் ஓட்டுவதற்குள் பேப்பர் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது என்றால் மூன்றில் ஒன்று: பிசின், ஈரம், காயாத பூச்சு.

பைன், சைப்ரஸ் இரண்டிலும் பிசின் உண்டு. சாண்டரின் சூட்டில் அது இளகிப் பேப்பரில் ஏறும். வேகக் கட்டுப்பாட்டுத் திருகு இருக்கிற மெஷினாக இருந்தால் வேகத்தைக் குறையுங்கள், சூடு குறையும். பேப்பரிலும் வித்தியாசம் இருக்கிறது. மணிகள் நெருக்கமாக இருக்கும் பேப்பர், இடைவெளி விட்டு ஒட்டிய பேப்பர் என்று இரண்டு வகை, பிசின் மரத்துக்கு இரண்டாவதுதான் ஆகும். மேலே வெள்ளையாக மாவு தடவியதுபோல இருக்கும் பேப்பரில் ஸ்டியரேட் என்ற பூச்சு இருக்கும், தூள் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். சீலர் (பாலிஷுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), பெயின்ட் தேய்ப்பதற்கு அதை வாங்குங்கள். கடையில் சும்மா "உப்புத்தாள் கொடுங்க" என்று கேட்டால் கையில் கிடைப்பதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், எதைத் தேய்க்கப் போகிறீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஈரம்தான் நம்ம ஊர்க் கதை. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது மரம் ஏறக்குறைய 12 சதவீத ஈரத்தில் நிற்கும். 90 சதவீதத்தில் வாரக்கணக்கில் கிடந்தால் 20 பக்கம் போய்விடும். ஜூன் முதல் கூடலூர், ஊட்டிப் பக்கம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்று மழை மாறி மாறி அடிக்கும்போது, ஷெட்டில் சாத்தி வைத்த சில்வர் ஓக் பலகை இதைத்தான் அனுபவிக்கிறது. ஈரமான மரத்தின் தூள் மாவாக உதிராது, நசநசவென்று திரண்டு பேப்பரில் அப்பிக்கொள்ளும். தூளைக் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டை பிடித்தால் அந்தப் பலகை இன்னும் தயாராகவில்லை.

ஈரம் பார்க்கும் மீட்டர் வைத்திருந்தால் நல்லது. இல்லாதவர்களுக்கு ஒரு வழி: அதே பலகையில் ஒரு சின்னத் துண்டு அறுத்து, சமையலறைத் தராசில் எடை போட்டு, எடையை அந்தத் துண்டிலேயே எழுதி, வேலை செய்யும் அறையிலேயே போட்டு வையுங்கள். சில நாள் விட்டு விட்டு எடை பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் மரம் இன்னும் காய்கிறது. எடை ஒரே இடத்தில் நின்றுவிட்டால், அந்த அறையின் காற்றுக்கு மரம் பழகிவிட்டது. கேபினெட் எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டிலேயே பலகையை முன்கூட்டி இறக்கி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

பேப்பருக்கும் ஈரம் ஆகாது. காகித முதுகு உள்ள தாள் மழைக்காலத்தில் சுருண்டு, தொளதொளவென்று ஆகி, சாண்டரின் கிளிப்பில் மாட்டினால் ஓரத்தில் கிழியும். பெல்ட் சாண்டரின் பெல்ட் ஒட்டு விட்டுப்போவதும் பழைய பெல்ட்டை நமுத்த இடத்தில் வைத்திருந்ததால்தான். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டுத் தாள், டிஸ்க், பெல்ட் எல்லாவற்றையும் படுக்கையாக வையுங்கள். ஆண்டுக்கணக்கில் சேர்த்து வாங்கி வைப்பது லாபம் என்று நினைக்காதீர்கள்.

காயாத பூச்சு என்றால், டப்பாவில் போட்டிருக்கும் காயும் நேரம் வெயில் அடிக்கும் ஊருக்கானது. ஊட்டியில் சாயங்காலக் குளிரில் அடித்த சீலர் அந்த நேரத்துக்குள் காயாது. 320 பேப்பரால் ஓரத்தில் லேசாக ஒரு தேய்ப்பு தேய்த்து, வெள்ளை மாவு பறந்தால் தொடருங்கள். ரப்பர் மாதிரி திரண்டால் நாளைக்குப் பாருங்கள். பழைய பங்களா நாற்காலி மேஜைகளில் இருக்கும் அரக்கு பாலிஷும் மெழுகும் கூடப் பேப்பரை அடைக்கும். அரக்கு பாலிஷ் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், முதலில் அதைத் துணியால் துடைத்து எடுத்துவிட்டு அப்புறம் சாண்டரைத் தொடுங்கள். அடியில் மிகப் பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், அதை மெஷின் வைத்துத் தேய்த்துத் தூளாக்கக் கூடாது.

பலகை அலை அலையாக இருக்கிறது, நடுவில் குழி விழுகிறது

இங்கேதான் மெஷின் தேர்வு உண்மையிலேயே முக்கியம். நம்ம ஆட்களில் பலர் 4 அங்குலக் கிரைண்டரில் ஃப்ளாப் டிஸ்க் மாட்டி மேஜைப் பலகையைத் தேய்ப்பார்கள். அந்தக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும், டிஸ்க்கின் விளிம்பு மட்டும்தான் மரத்தைத் தொடும். வேர்க்கட்டையில் டீபாய் செய்யவும், நாற்காலிக் கையை உருட்டவும் அது அருமையான ஆயுதம். தட்டையான பலகைக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

பெல்ட் சாண்டர் தட்டையாக எடுக்கத்தான் செய்யும், ஆனால் நின்ற இடத்தில் குழி பறிக்கும். ரேண்டம் ஆர்பிட்டலுக்குச் சொன்னதற்கு நேர் எதிர் இங்கே: ஓடவிட்டு இறக்குங்கள், ஓடும்போதே தூக்குங்கள். பலகையின் ஓரத்தில் பேடில் பாதிக்குமேல் வெளியே போகவிடாதீர்கள், சாய்ந்து ஓரத்தை உருட்டிவிடும். பெல்ட்டின் உள்பக்கம் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில்தான் மாட்ட வேண்டும். பலகைகளை ஒட்டிய மேஜைப் பரப்பை மட்டம் பிடிக்க, கதவு ஃபிரேமின் மூட்டில் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய என்று அதற்கு வேலை குறைவு. புதிதாக ஆரம்பிப்பவர் முதலில் வாங்க வேண்டிய மெஷின் அது இல்லை.

பைனில் இன்னொரு வகை அலை வரும். மென்மையான வெளிர் வளையத்தைப் பேப்பர் சீக்கிரம் தின்றுவிடும், கெட்டியான கறுப்பு வளையம் மேடாக நின்றுவிடும். மெத்தென்ற பேட் இருக்கும் சாண்டரில் இது மோசமாகும். கெட்டி பேட் போடுங்கள், இல்லையென்றால் ஒரு மரக்கட்டையில் தாளைச் சுற்றிக் கையாலேயே ரேகை ஓட்டத்தோடு தேயுங்கள்.

மூலைக்கு வட்ட சாண்டர் போகாது. அதற்குச் சதுர பேடு கால்தாள் ஆர்பிட்டல் சாண்டர் இருக்கிறது. கடையில் விற்கும் 9க்கு 11 அங்குலத் தாளை நான்காக மடித்துக் கிழித்தால் அதற்குச் சரியாக இருக்கும், வெல்க்ரோ டிஸ்க் வாங்கும் செலவு இல்லை. மெதுவாகத்தான் தின்னும், ஆனால் வாங்கக் காசு குறைவு என்பதால் வீட்டில் செய்பவருக்கு இது இரண்டாவது மெஷினாக நல்லது.

பிளைவுட் மேல் வெனீர் போய் அடிப்பகுதி தெரிகிறது

தேக்கு பிளை என்று வாங்குவதில் மேலே இருக்கும் தேக்கு பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெல்ட் சாண்டர் பக்கமே போகக் கூடாது. 180-ல் ஆரம்பித்து, கையாலோ சதுர சாண்டராலோ நாலு இழுப்பு, அவ்வளவுதான். ஓரத்தில் பட்டி அடித்த மரத்தை மட்டம் பண்ணும்போதுதான் வெனீர் போகும். அங்கே வெனீர் பக்கம் பென்சில் கிறுக்கிவிட்டுத் தேயுங்கள், கிறுக்கல் மறைய ஆரம்பித்த நொடியில் நிறுத்துங்கள். போனது போனதுதான், ஒட்ட வைக்க வழி கிடையாது. ஸ்டெயின் கலந்து தொட்டு மறைக்கலாம், கதவின் அடிப்பக்கமாக இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

டிஸ்க் பறந்து போகிறது

வெல்க்ரோவின் கொக்கிகள் சூட்டில் உருகியிருக்கும். பேடைச் சாய்த்து ஓரத்தால் தேய்ப்பதும், தேய்ந்த பேப்பரை அமுக்கி ஓட்டுவதும்தான் காரணம். பேடை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம், நாலு ஸ்க்ரூ வேலை. துளை உள்ள டிஸ்க்கை பேடின் துளையோடு நேர் பார்த்து ஒட்டினால் தூள் உள்ளே உறிஞ்சப்பட்டு சூடும் குறையும்.

தேய்த்த பிறகும் பஞ்சு பஞ்சாக நிற்கிறது

எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஓரமாக இருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் அப்படித்தான் இருக்கும். முதலில் சீலர் ஒரு கை அடித்து, காய்ந்து நார் விறைத்த பிறகு 220-ல் தேயுங்கள், வெட்டி எடுத்துவிடும். சில்வர் ஓக் போன்ற மரத்தில் பஞ்சு நின்றால், ஈரத்துணியால் துடைத்து நாரை எழுப்பிவிட்டு, நன்றாகக் காயவைத்து, புதுப் பேப்பரால் லேசாக ஒரு தடவை மட்டும் தேயுங்கள். அதிகம் தேய்த்தால் புது நார் கிளம்பும். தண்ணீர் பூச்சு அடிக்கப்போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

சில்வர் ஓக் தூளைப் பற்றி ஒன்று. சிலருக்கு அது தோலில் அரிப்பும் தடிப்பும் கொடுக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள், வேலை முடிந்ததும் கழுவுங்கள். எந்த மரத்தூளும் மூச்சில் போவது நல்லதில்லை, மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எப்போதோ வகைப்படுத்திவிட்டது. நாம் குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு வேலை செய்கிறவர்கள், கீழே இருப்பவர்களைவிட நமக்கு மாஸ்க் அதிகம் தேவை. கைக்குட்டை கட்டுவது மாஸ்க் ஆகாது, என்95 போடுங்கள்.

மெஷின் திணறுகிறது, சூடாகிறது

எக்ஸ்டென்ஷன் வயரைத் தொட்டுப் பாருங்கள். நீளமான மெல்லிய வயரில் பெல்ட் சாண்டர் ஓட்டினால் வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும். சுருட்டி வைத்த நிலையில் ஓட்டினால் வயரே சூடாகும், முழுக்கப் பிரித்துப் போடுங்கள். அப்புறம் தூள் பை. நிரம்பி வழிந்தால் மெஷின் மூச்சுத் திணறத்தான் செய்யும். இரண்டும் சரியாக இருந்து பின்பக்கம் நெருப்புப்பொறி அதிகமாகத் தெரிந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், ஜோடியாக மாற்றுங்கள்.

சாண்டர் போதும், டிரில்லுக்கு வருவோம்.

குறித்த இடத்தில் ஓட்டை விழாமல் பிட் நழுவுகிறது

டிரில்லோடு டப்பாவில் வந்த பிட் எது என்று முதலில் பாருங்கள். முனையில் தண்டைவிட அகலமான ஒரு தகடு ஒட்டியிருந்தால் அது சுவர் பிட். மரத்தில் அது வெட்டாது, தேய்த்துத்தான் உள்ளே போகும். சாதாரண இரும்பு பிட்டின் கூம்பு முனை 118 டிகிரி, மரத்தில் ரேகை எங்கே இழுக்கிறதோ அங்கே வழுக்கிப் போகும். மரத்துக்கென்று இருப்பது மூன்று முனை பிட்: நடுவில் ஊசி, இரண்டு பக்கமும் கத்தி. ஊசி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பக்கக் கத்திகள் நாரை முதலில் வட்டமாக அறுக்கும், அப்புறம்தான் நடுப்பகுதி வெளியே வரும். 3 முதல் 10 மி.மீ. வரை ஒரு செட் வாங்கிவிடுங்கள், கேபினெட் வேலையில் முக்கால்வாசி இதிலேயே முடியும்.

ஓட்டை முட்டை வடிவத்தில் வருகிறதா? டிரில்லின் மேலே இருக்கும் சுத்தியல் குறி பக்கம் சுவிட்ச் நிற்கிறதா என்று பாருங்கள். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் இம்பாக்ட் டிரில், சுவருக்குப் போட்டுவிட்டு மாற்ற மறந்துவிடுவோம். பிட் சக்கில் (பிட்டைப் பிடித்துக்கொள்ளும் வாயில்) வழுக்கினால், சக் சாவியை ஒரு துளையில் மட்டும் முறுக்காமல் மூன்று துளையிலும் மாற்றி மாற்றி முறுக்குங்கள்.

புகை வருகிறது, ஓட்டைச் சுவர் கறுத்துப்போகிறது

பொதுவிதி: பிட் பெரிதாக ஆக ஆக வேகம் குறைய வேண்டும். 3 மி.மீ. பிட்டை முழு வேகத்தில் ஓட்டலாம். 8 மி.மீ.க்கு அதில் பாதியை ஒட்டி. 35 மி.மீ. ஃபார்ஸ்ட்னர் பிட்டை, அதாவது அடி தட்டையான பெரிய குழி போடும் பிட்டைக் கெட்டி மரத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று அளவில்தான் ஓட்ட வேண்டும், அதாவது விசையைப் பாதிகூட அழுத்தாமல். பெரிய பிட்டின் வெளி விளிம்பு ஒரே சுற்றில் ஓடும் தூரம் அதிகம், சூடு அங்கேதான் கிளம்புகிறது.

வேகம் சரியாக இருந்தும் புகைந்தால் பிட் மழுங்கியிருக்கும். வெளியே வருவதைப் பாருங்கள்: சுருளாக, செதிலாக வந்தால் பிட் வெட்டுகிறது. மாவாக வந்தால் தேய்க்கிறது. பிளைவுட், பார்ட்டிகிள் போர்டில் இருக்கும் பசை சாதாரண எஃகு பிட்டைச் சீக்கிரம் மழுக்கும், கார்பைடு முனை வைத்த பிட் அங்கே பல மடங்கு உழைக்கும். மாடுலர் கிச்சன் வேலை தொடர்ந்து செய்கிறவர் இதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு அலமாரி செய்கிறவருக்குச் சாதாரண பிட்டே போதும்.

பிட் புதிது, ஆனாலும் புகைகிறது என்றால் பள்ளங்களில் பிசின் பிடித்திருக்கலாம். பைனில் ஓட்டிய பிட்டை டர்பன்டைனிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேயுங்கள். ஆழமான ஓட்டை என்றால் பாதியில் வெளியே எடுத்துத் தூளைத் தள்ளிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். காய்ந்த கற்பூர மரமும் (நீலகிரியில் யூகலிப்டஸுக்குச் சொல்லும் பெயர்) சீகை மரமும் (வாட்டில்) நல்ல கெட்டி. அதில் பெரிய ஓட்டை போட வேண்டியிருந்தால் ஒரே மூச்சில் இறங்காதீர்கள், நடுநடுவே பிட்டை ஆறவிடுங்கள். தண்ணீரில் முக்கி ஆற்றுவது வேண்டாம், திடீரென்று குளிர்ந்தால் கார்பைடு முனையில் விரிசல் விழலாம்.

ஓட்டையின் வாய் பிய்ந்துபோகிறது

பிய்வது பெரும்பாலும் பின்பக்கம். பலகைக்கு அடியில் ஒரு கழிவுத் துண்டை இறுக்கி கிளாம்ப் போடுங்கள், அந்தத் துண்டுக்குள்ளும் பிட் இறங்கட்டும். பின்னால் தாங்க ஆள் இருந்தால் நார் பிய்வதில்லை. கிளாம்ப் போட முடியாத இடம் என்றால், ஊசி முனை பின்பக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, திருப்பி, அந்தப் புள்ளியிலிருந்து மீதியைப் போடுங்கள். தட்டை பிட் என்கிற ஸ்பேட் பிட்டில் இந்த இரண்டாவது வழிதான் கைகொடுக்கும். அது வயர் போகும் ஓட்டைக்கான பிட், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அதை இறக்காதீர்கள்.

மைக்கா ஒட்டிய பலகையில் முன்பக்கமே சிதறும். மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் குறித்து, கூரான பிட்டால் முழு வேகத்தில், ஆனால் தொட்டும் தொடாமலும் இறங்குங்கள். மைக்காவைத் தாண்டியதும் வழக்கம்போல அழுத்தலாம்.

ஆட்டோ ஹிஞ்ச் குழி வெளியே வந்துவிடுகிறது, அல்லது கீல் ஆடுகிறது

ஆட்டோ ஹிஞ்ச் என்பது கேபினெட் கதவில் வட்டக் குழி போட்டு உட்கார வைக்கும் கீல். அதன் கப் குழியின் விட்டம் 35 மி.மீ., ஆழம் கீலைப் பொறுத்துப் பொதுவாக 11.5 முதல் 13 மி.மீ. 18 மி.மீ. பலகையில் 13 போனால் மீதி 5 இருக்கும், கவலையில்லை. 16 மி.மீ. பார்ட்டிகிள் போர்டில் மீதி 3 தான், ஃபார்ஸ்ட்னர் பிட்டின் நடு ஊசி நீளமாக இருந்தால் அது முன்பக்க மைக்காவைக் குத்திப் புள்ளி வைத்துவிடும். கதவு முழுக்க முடிந்து மாட்டப்போகும் நேரத்தில்தான் அந்தப் புள்ளி கண்ணில் படும். ஆகவே வாங்கும்போதே ஊசி குட்டையாக இருக்கும் பிட்டைப் பாருங்கள். ஹிஞ்ச் பிட் என்று கார்பைடு முனையோடு தனியாகவே விற்கிறார்கள், பலகை வேலைக்கு ஃபார்ஸ்ட்னரைவிட அதுதான் பொருத்தம்.

ஆழத்துக்குக் கண்ணை நம்பாதீர்கள். பிட்டில் டேப் சுற்றலாம், ஆனால் இவ்வளவு அகலமான பிட்டில் டேப் ஏமாற்றும். ஸ்டாப் வைத்த ஜிக் (பிட்டை நேராகப் பிடித்து வழிகாட்டும் அச்சு) விலை குறைவாகவே கிடைக்கிறது, அல்லது டிரிலை ஸ்டாண்டில் மாட்டுங்கள். ஒரு கழிவுத் துண்டில் குழி போட்டு, கப்பை வைத்து, விளிம்பு பலகையோடு சமமாக உட்காருகிறதா என்று பார்த்த பிறகே கதவைத் தொடுங்கள்.

குழியின் விளிம்புக்கும் கதவின் விளிம்புக்கும் இடையே 5 மி.மீ. விட வேண்டும் என்றால், நடுப்புள்ளி ஓரத்திலிருந்து 22.5 மி.மீ. (35-இல் பாதி 17.5, கூட 5). கீலோடு வரும் தாளில் இந்த இடைவெளி இருக்கும், பெரும்பாலும் 3 முதல் 6-க்குள். எல்லாக் கதவுக்கும் ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் 4, ஒன்றில் 6 என்று போனால் கதவுகளுக்கு இடையே சந்து கோணலாகத் தெரியும். கீல் ஆடுவதற்குக் காரணம் குழி பெரிதானது, அதாவது கையில் பிடித்த டிரில் ஆடியது. அப்படி ஆகிவிட்டால் எப்பாக்ஸியில் மரத்தூள் குழைத்து நிரப்பி, காய்ந்ததும் மறுபடி போடுங்கள்.

ஸ்க்ரூ போட்டால் மரம் பிளக்கிறது, இல்லையென்றால் ஸ்க்ரூ தலை அறுகிறது

பைலட் ஓட்டை போடாததுதான். எந்த பிட் என்று அட்டவணை தேட வேண்டாம்: ஸ்க்ரூவுக்கு முன்னால் பிட்டைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். ஸ்க்ரூவின் நடுத்தண்டு முழுக்க பிட்டுக்குப் பின்னால் மறைந்து, மரைகள் மட்டும் இரண்டு பக்கமும் தெரிந்தால் அதுதான் அளவு. 8 நம்பர் ஸ்க்ரூவுக்கு மென்மையான மரத்தில் 2.5, கெட்டி மரத்தில் 3 மி.மீ. அளவில் வரும். இரண்டு பலகையை இறுக்கும்போது மேல்பலகையில் ஸ்க்ரூ சும்மா நுழைகிற அளவு ஓட்டை வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் சந்து நிற்கும்.

பித்தளை ஸ்க்ரூ மென்மையானது, ஈட்டி போன்ற கெட்டி மரத்தில் தலை திருகிக்கொண்டு வந்துவிடும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி இறக்கி வழி பண்ணிவிட்டு, மரையில் சோப்போ மெழுகோ தடவிப் பித்தளையைப் போடுங்கள்.

டவல் குச்சி (மூட்டில் இறக்கும் உருட்டுக் குச்சி) உள்ளே போகவில்லை

8 மி.மீ. பிட், 8 மி.மீ. குச்சி, ஆனாலும் போகாது. மழைக்காலத்தில் குச்சி ஈரம் குடித்துப் பருத்திருக்கும். பெரிய பிட்டுக்குத் தாவாதீர்கள், வெயில் வந்து காய்ந்ததும் மூட்டு தளர்ந்துவிடும். குச்சியைப் பூட்டிய டப்பாவில் வைத்திருங்கள். பருத்ததை அடுப்பு மேடைமேல், நெருப்பு படாத சூட்டில் ஒரு ராத்திரி வைத்து எடுத்தால் அளவுக்கு வந்துவிடும். அதற்கு நேர் எதிராக லொடலொடவென்று இருந்தால் பிட் ஆடியிருக்கிறது, அல்லது சக்கில் கோணலாக மாட்டியிருக்கிறது. வேகமாகச் சுற்றவிட்டு முனையைப் பாருங்கள், ஒரு புள்ளியாகத் தெரியாமல் சின்ன வட்டமாகத் தெரிந்தால் கழற்றி மாட்டுங்கள்.

பிட்டெல்லாம் துருப்பிடிக்கிறது

மேகம் உள்ளே வரும் ஷெட்டில் இரும்பு இரண்டே வாரத்தில் பழுப்பாகும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, அப்புறம் மூடிய டப்பா. தோல் உறையிலும் மரப்பெட்டியிலும் வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தை வாங்கி பிட்டுக்குக் கொடுக்கும். மரத்தில் இறக்குவதற்கு முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த ஓட்டையைச் சுற்றி பாலிஷ் ஒட்டாது. லேசான துரு வந்த பிட்டை 400 வாட்டர் பேப்பரால் பள்ளத்தின் வழியாகத் தேய்த்து எடுத்துவிடலாம். வெட்டும் முனை அரித்துப்போயிருந்தால் சாணை பிடிக்கக் கொடுங்கள். மூன்று முனை பிட்டையும் ஃபார்ஸ்ட்னரையும் மட்டும் கிரைண்டர் வைத்திருக்கும் எல்லோரிடமும் கொடுத்துவிடாதீர்கள், பக்கக் கத்தியைத் தட்டையாக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். சின்ன அரம் ஒன்று வாங்கி, பக்கக் கத்திகளின் உள்பக்கம் மட்டும் நீங்களே இரண்டு இழுப்பு இழுங்கள். வெளிப்பக்கம் அரம் பட்டால் பிட்டின் அளவே குறைந்துவிடும்.